மலைச் சரிவில் டொலமைட் போட எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கத்துத் தேயிலைச் சிறுதோட்டங்களிலும் மரக்கறித் தோட்டங்களிலும், மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் வகைத் தூளைப் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனை அறிக்கைதான் சொல்ல வேண்டும். தேயிலைக்குத் தலவாக்கலையில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசையும், மரக்கறிக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும் கேளுங்கள். அந்த அளவைச் சரிவான நிலத்தில் சமமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழிதான் இங்கே பேச்சு.

கருவி வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மொத்த எடை. ஹெக்டயருக்கு ஒரு தொன் என்று அறிக்கை சொன்னால் அது சதுர மீற்றருக்கு 100 கிராம், பேர்ச்சஸுக்கு இரண்டரைக் கிலோ, ஏக்கருக்கு ஏறத்தாழ 405 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை எட்டு. இரண்டு தொன் என்றால் பதினாறு மூட்டை. 20 பேர்ச்சஸ் துண்டுக்கு ஒரு தொன் கணக்கில் ஒரே ஒரு மூட்டைதான். அதற்கு இயந்திரம் தேடுவது வீண் செலவு.

அடுத்தது சரிவு. இரண்டு மீற்றர் நீளமான நேர்த்தடி ஒன்றின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடியுங்கள். அந்தரத்தில் நிற்கும் மறுமுனையிலிருந்து நிலம் வரை அளந்து பாருங்கள். 30 சென்ரிமீற்றர் என்றால் 15 சதவீதச் சரிவு, 60 என்றால் 30 சதவீதம், 120 என்றால் 60 சதவீதம். ஒரே இடத்தில் அளந்து முடிவெடுக்காதீர்கள். மேலே சாதுவாக இருக்கும் துண்டு கீழே ஓடைப் பக்கம் திடீரென்று இறங்கும்.

மூன்றாவது, லொறி எதுவரை வரும் என்பது. இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் மலையில் டொலமைட் வேலையின் பெரும்பகுதி தூவுவதல்ல, சுமப்பது. தூவும் நேரத்தைப் பாதியாக்கும் கருவியை வாங்கிவிட்டு, அதை நிரப்ப நூறு மீற்றர் ஏறி இறங்கினால் லாபம் எங்கே?

அரை ஏக்கர் தேயிலை, நல்ல சரிவு. எனக்கு எது பொருந்தும்?

வாளி, அளந்து குறி வைத்த டப்பா, கயிறு, தராசு. சமாளிப்புக்காக இதைச் சொல்லவில்லை. 30 சதவீதத்துக்கு மேற்பட்ட சரிவில், தூளாக வரும் டொலமைட்டுக்கு, இதைவிடச் சீராகப் போடும் கருவி இன்றுவரை சிறுதோட்டக்காரர் கைக்கு எட்டும் விலையில் இல்லை என்பதே எங்கள் கணிப்பு.

செய்முறை இதுதான். 10 மீற்றருக்கு 10 மீற்றர் சதுரம் ஏறத்தாழ 4 பேர்ச்சஸ். கயிற்றில் 10 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முளை அடித்து, நிலத்தை அப்படிச் சதுரங்களாகப் பிரியுங்கள். ஹெக்டயருக்கு ஒரு தொன் கணக்கில் ஒவ்வொரு சதுரத்துக்கும் 10 கிலோ. அதை நிறுத்து வாளியில் போட்டு, அந்தச் சதுரத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். வாளியை இரண்டாகப் பிரித்து, முதல் பாதியை ஒருமுறையும் மறுபாதியை இன்னொரு முறையும் தூவினால் விட்டுப்போன இடங்கள் இரண்டாவது சுற்றில் நிரம்பிவிடும். இரண்டு சுற்றையும் சரிவுக்குக் குறுக்கே, கிடையாக நடந்தே செய்யுங்கள். இரண்டாவது சுற்றில் அரை அடி எடுத்து வைக்கும் அளவுக்குத் தள்ளி நடந்தால் போதும். ஏறி இறங்கித் தூவினால் ஏறும்போது கை சிக்கனமாகிறது, இறங்கும்போது தாராளமாகிறது. கீழ்ப்பகுதியில் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும் தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கை முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். தோள் உயரத்திலிருந்து வீசினால் மெல்லிய தூள் காற்றோடு அடுத்தவர் துண்டுக்குப் போய்விடும். மண்ணோடு சீக்கிரம் வேலை செய்வதும் அந்த மெல்லிய தூள்தான்.

உறுதியில் உள்ள பரப்பும் நாங்கள் கயிறு பிடித்து அளந்ததும் ஒத்துப்போகவில்லையே?

ஒத்துப்போகாது. நில அளவைப் படத்தில் இருப்பது கிடைப்பரப்பு. நீங்கள் அளப்பது சரிவின் மேற்பரப்பு. 30 சதவீதச் சரிவில் வித்தியாசம் நான்கைந்து சதவீதம், பொருட்படுத்த வேண்டாம். 60 சதவீதச் சரிவில் அது 17 சதவீதம். மொத்த அளவை உறுதியில் உள்ள பரப்புக்கே கணக்கிட்டு, அதை நிலத்தில் வரும் சதுரங்களின் எண்ணிக்கையால் பிரியுங்கள். இல்லாவிட்டால் கடைசி இரண்டு மூன்று சதுரங்களுக்கு மூட்டை எட்டாது.

தேயிலை நிரைகளுக்குள் சதுரம் போட முடியாதே?

அங்கே நிரை நீளத்தை வைத்துக் கணக்கெடுங்கள். நிரைக்கு நிரை 1.2 மீற்றர் இடைவெளி என்றால், ஹெக்டயருக்கு ஒரு தொன் என்பது நிரையின் ஒவ்வொரு மீற்றருக்கும் 120 கிராம், பத்து மீற்றருக்கு 1.2 கிலோ. ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பாவில் அதை ஒருமுறை நிறுத்துப் போட்டு, எந்த மட்டம் வரை வருகிறது என்று பேனாவால் கோடு கீறுங்கள். தூளின் நயமும் ஈரமும் மாறினால் மட்டமும் மாறும். ஆகவே புதிய லோட் வந்தால் புதிய கோடு.

செடியின் தூரைச் சுற்றி வளையமாகக் கொட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம். தூரடியில் மண் தேவைக்கு மேல் காரமாகிறது, நடு நிரையில் புளிப்பு அப்படியே கிடக்கிறது. நிரை இடைவெளி முழுவதும் பரவ வேண்டும். இளஞ்செடியானால் தூரிலிருந்து ஒரு சாண் விட்டுத் தூவுங்கள்.

கவ்வாத்தை ஒட்டிப் போடுவதே நல்லது. வாது மறைக்காத நேரத்தில் நிரைக்குள் நடக்கலாம், தூளும் கொழுந்தில் படியாமல் நேரே மண்ணுக்குப் போகும். கொழுந்தில் படிந்த வெள்ளைத் தூளோடு கூடை தொழிற்சாலைக்குப் போனால் கணக்கப்பிள்ளை சும்மா விடமாட்டார்.

மார்பில் மாட்டிக்கொண்டு கையால் சுற்றும் தூவி நல்லதா?

குறுணை உரத்துக்கும் விதைக்கும் அருமையான சாமான். தூள் டொலமைட்டுக்கு அரைகுறை. காரணம் இரண்டு.

முதலாவது கொள்ளளவு. சரிவில் நிமிடத்துக்கு 30 மீற்றர் நடக்கிறீர்கள், தூள் இரண்டு மீற்றர் அகலத்துக்கு விழுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 60 சதுர மீற்றர். அதற்கு 6 கிலோ தேவை. 10 கிலோ பிடிக்கும் பை இரண்டு நிமிடத்துக்குள் காலி. ஒரு ஏக்கருக்கு நாற்பது தடவை நிரப்ப வேண்டும். இந்தக் கருவிகள் ஹெக்டயருக்குச் சில பத்துக் கிலோ போடும் வேலைக்காகச் செய்யப்பட்டவை, நூற்றுக்கணக்கான கிலோவுக்கல்ல.

இரண்டாவது, தூள் ஓடாது. பைக்குள் வாய்க்கு மேலே கூரைபோல் கட்டிக்கொண்டு நின்றுவிடும். கைப்பிடி சுற்றிக்கொண்டிருக்கும், கீழே ஒன்றும் விழாது. பிறகு தட்டினால் மொத்தமாகக் கொட்டும். வாய்க்கு மேலே சுழன்று கிளறிவிடும் கம்பி உள்ள மாதிரியாக இருந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் பற்சக்கரம் உள்ளதை விட்டுவிடுங்கள். அதற்குள் தூள் புகுந்தால் பற்கள் அரம் போட்டதுபோல் தேய்ந்துவிடும்.

குறுணையாக்கிய சுண்ணாம்பு கிடைத்தால் கதை வேறு. மெல்லிய தூளைப் பசை சேர்த்து உருட்டியது அது. நன்றாக ஓடும், அகலமாக விழும், புழுதி குறைவு. விலை அதிகம் என்பதால் தேவைப்படும் அளவு சிறிதாக இருக்கும்போதே கட்டும்.

சரிவில் இதைப் பாவிக்கும்போது சுழலும் தட்டு கிடையாக நிற்க வேண்டும். உடல் மேட்டுப் பக்கம் சாய்வதால் தட்டும் சாய்ந்துவிடுகிறது. தட்டு சரியாக இருந்தாலும் பள்ளப் பக்கம் விழுவது அதிக தூரம் போகும். சோதிக்க ஒரு வழி: நடக்கும் பாதைக்குக் குறுக்கே ஒரே அளவுத் தட்டுக்களை அரை மீற்றருக்கு ஒன்றாக வைத்து, நடந்து தூவி, ஒவ்வொன்றிலும் விழுந்ததை நிறுத்துப் பாருங்கள். நடுத் தட்டில் விழுந்ததன் பாதி எந்தத் தட்டில் விழுந்திருக்கிறதோ அதுவரைதான் உங்கள் அகலம். அடுத்த நடையின் பாதி விளிம்பு அந்த இடத்தில் வந்து சேர வேண்டும்.

லீக்ஸ், கரட் பாத்திகளுக்குத் தள்ளிக்கொண்டு போகும் பெட்டித் தூவி?

படிக்கட்டுப்போல் வெட்டிய, மேடு தட்டையாக உள்ள நிலத்தில் இது நல்ல கருவி. பெட்டியின் அடியில் உள்ள துளைகள் வழியாகத் தூள் நேரே கீழே விழுவதால் காற்று அவ்வளவு தொல்லை தராது. அரை மீற்றர் அகலப் பெட்டி, ஒரு மீற்றர் பாத்திக்கு இரண்டு நடை.

கிளறும் தண்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழல்வதால், சக்கரம் சேற்றில் வழுக்கினால் தூளும் நின்றுவிடும். இறப்பர் பூசிய வழுக்குச் சக்கரத்தைவிடப் பல் வைத்த சக்கரம் மலைக்குப் பொருந்தும். பாத்தி முடிவில் முதலில் வாயை மூடுங்கள், பிறகு நில்லுங்கள். நின்றுவிட்டு மூடினால் ஒவ்வொரு பாத்தி முனையிலும் ஒரு வெள்ளைக் குவியல். அந்த இடத்தில் உருளைக்கிழங்கு வைத்தால் கிழங்கில் சொறி தெரியும்.

பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள் உரத்துக்கானவை, அவற்றை நம்ப வேண்டாம். படங்கை விரித்து அதன் மேல் 10 மீற்றர் தள்ளி, விழுந்ததைக் கூட்டி நிறுங்கள். அரை மீற்றர் அகலப் பெட்டி என்றால் அது 5 சதுர மீற்றர். ஒரு தொன் கணக்கில் 500 கிராம் விழுந்திருக்க வேண்டும். கூடினால் வாயைக் குறையுங்கள். தேவையான அளவில் பாதிக்கு வாயை வைத்து இரண்டு தடவை போவதுதான் பாதுகாப்பு.

முதுகில் சுமக்கும் மோட்டார் ஊதியைத் தூளுக்கு மாற்றிப் பாவிக்கலாமா?

மாற்றலாம், தூளுக்கென்று தனி உபகரணத் தொகுதி விற்கும் மாதிரிகளில் மட்டும். வேகமாக முடியும் என்பது உண்மை. ஆனால் வெறும் இயந்திரமே பத்துக் கிலோவுக்கு மேல், அதோடு இன்னொரு பத்துக் கிலோ தூள், பெற்றோல். அந்தச் சுமையோடு ஈரமான சரிவில் நடப்பது இலேசான காரியமல்ல. தூள் உராய்ந்து ஓடும்போது குழாயில் மின்னேற்றம் சேரும். அதை நிலத்துக்கு இறக்கும் கம்பி அல்லது சங்கிலி அந்தத் தொகுதியிலேயே வரும். “அது எதற்கு” என்று கழற்றி எறிந்துவிட்டால் சுண்டிச் சுண்டி இழுக்கும். காற்று வடிகட்டியைத் தினமும் தட்டித் துப்புரவு செய்யாவிட்டால் எஞ்சின் இழுக்காது.

இத்தனைக்கும் பிறகு மெல்லிய தூளில் நல்லதொரு பங்கு காற்றோடு போகிறது. கானுக்கும் ஓடைக்கும் லயத்துக்கும் அருகில் இது வேண்டவே வேண்டாம்.

லேண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) அல்லது நாலு சக்கர உழவு இயந்திரம்?

லேண்ட்மாஸ்டரைத் தூவுவதற்குப் பாவிக்காதீர்கள், மூட்டை கொண்டுபோகப் பாவியுங்கள். பாதை உள்ள இடத்தில் அதுபோல் உதவி வேறில்லை. ஒரு விஷயம் ஓட்டுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: பாரத்தோடு இறங்கும்போது, பின்னால் உள்ள பெட்டி இயந்திரத்தைத் தள்ளும் நிலையில், இடப்பக்கத் திருப்பு கிளச்சை அழுத்தினால் அது வலப்பக்கம் திரும்பும். அழுத்திய பக்கத்துச் சக்கரம் பிடிப்பு விட்டு வேகமாக உருள்வதும், மறுபக்கம் எஞ்சினால் பிடிபட்டு நிற்பதும்தான் காரணம். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல் கைப்பிடியை மட்டும் தள்ளித் திருப்ப வேண்டும், சின்ன கியரில், மெதுவாக.

நாலு சக்கர இயந்திரத்தின் பின்னால் கொழுவும் தூவி, அகன்ற தட்டை நிலத்துக்கானது. 15 சதவீதத்துக்கு மேற்பட்ட பக்கச் சரிவில், பாதி காலியான பெட்டியோடு, ஈரப் புல்லில் திரும்புவது உயிரோடு விளையாட்டு. மலைநாட்டுச் சிறுதோட்டத்துக்கு இதைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை.

ட்ரோன்?

20 கிலோ தூக்கும் ட்ரோன், ஹெக்டயருக்கு ஒரு தொன் கணக்கில், ஒரு ஏக்கருக்கு இருபது தடவை பறக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் இறங்கி, நிரப்பி, மின்கலம் மாற்றி. குறுணைக்குச் சரி, தூளுக்குச் சரிவராது: சுழலிக் காற்றே தூளைக் கலைத்துவிடும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளும் உண்டு. ஆளே ஏற முடியாத பெரிய மலைகளுக்குத் தோட்ட நிருவாகங்கள் யோசிக்கலாம்.

டொலமைட் கட்டி கட்டியாக இருக்கிறது. கருவியின் குற்றமா?

பெரும்பாலும் மூட்டையின் குற்றம். கைநிறைய எடுத்து இறுகப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். எந்தத் தூவியிலும் ஓடாது, கையால்தான் போட வேண்டும். படங்கில் பரப்பி ஒரு வெயில் காட்டி, கட்டிகளை மம்பட்டியின் பின்புறத்தால் உடைத்துச் சலித்தால் ஓடும்.

நயத்தையும் பாருங்கள். மா அரிக்கும் அரிதட்டில் ஒரு கிலோவைச் சலியுங்கள். மேலே தங்கும் கல் துகள்கள் இந்தப் பயிருக்கு உதவப் போவதில்லை. அவை கரைய வருடக்கணக்காகும். கால் கிலோ மேலே தங்கினால் அந்த மூட்டையை முக்கால் மூட்டையாகக் கணக்கிடுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள். வாங்கியது டொலமைட்தானா என்று சந்தேகமா? வினாகிரி விட்டுப் பாருங்கள். சாதாரணச் சுண்ணாம்புக் கல் தூள் உடனே பொங்கும், டொலமைட் மெதுவாகவே நுரைக்கும். மக்னீசியம் டொலமைட்டில்தான் இருக்கிறது. தேயிலைக்கு அதைச் சிபாரிசு செய்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நீற்றிய சுண்ணாம்பையும் இதே முறையில் போடலாமா?

தேயிலைக்கு வேண்டாம். தேயிலை மண் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட பீ.எச். பெறுமானத்தில் இருக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு கை தவறினால் அதைத் தாண்டிவிடும். மரக்கறிக்குப் போடுவதானால் அளவைக் குறையுங்கள்: 100 கிலோ டொலமைட்டின் வேலையை ஏறத்தாழ 80 கிலோ செய்துவிடும். வெறுங்கையால் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யூரியாவோடு சேர்த்து ஒரே நடையில் முடித்துவிட்டால் கூலி மிச்சமாகுமே?

கூலி மிச்சம், யூரியா நட்டம். சுண்ணாம்புச் சாமானோடு சேர்ந்தால் நைதரசன் அமோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் காசுதான். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நான்கு வாரம் விடுங்கள். யூரியா போட்ட தூவியைக் கழுவிக் காய வைக்காமல் டொலமைட் நிரப்பவும் வேண்டாம். யூரியா ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தூள் பெட்டிச் சுவரில் சாந்துபோல் ஒட்டிவிடும்.

எந்தக் காலத்தில் போடுவது?

மண் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் பெருமழை வாசலில் நிற்கக் கூடாது. ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மே, ஜூன் மாதங்களில் வெறும் சரிவில் தூவினால் தூள் கானுக்குப் போய்விடும். ஊவாப் பக்கம் பிரச்சினை நேர்மாறு: ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது தூள் மண்ணில் இறங்காது. அங்கே காற்று எழும்புவதற்கு முன், அதிகாலையில் வேலையை முடிக்க வேண்டும், அல்லது ஒக்ரோபர் மழை தொடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

மரக்கறி நிலத்தில் நடுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். மேலே தூவிவிட்டுச் சும்மா விட்டால் மேல்மண் இரண்டு விரற்கடைக்கு மட்டும் திருந்தும், வேர் ஓடும் ஆழம் பழைய புளிப்பிலேயே கிடக்கும். தேயிலையில் ஆழக் கொத்த முடியாது. முள்ளு குத்தும் வேலை (முள்ளுக் கருவியால் மண்ணைக் குத்தி இளக்குவது) இருந்தால் அதற்கு முன் தூவிவிடுங்கள், குத்தும் துளைகள் வழியாக இறங்கும். கவ்வாத்து வாதுகளை நிரைக்குள் பரப்பிவிட்டால் மழை தூளை இழுத்துக்கொண்டு போகாது. வாதைப் பரப்புவதற்கு முன் தூவ வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மூட்டை சுமப்பதை எப்படிக் குறைப்பது?

கிடைத்தால் 25 கிலோ மூட்டையே வாங்குங்கள். 50 கிலோவைத் தலையில் வைத்து ஈரப் படிக்கட்டில் இறங்குவது முழங்காலுக்கும் கழுத்துக்கும் கேடு. லொறி மேற்பாதைக்கு வர முடியுமானால் சுற்று வழியானாலும் மேலே இறக்குங்கள். சுமை இறக்கத்தில் போகட்டும். மூட்டைகளை ஒரே இடத்தில் அடுக்காமல், சதுரக் கணக்குப்படி ஐந்து சதுரத்துக்கு ஒரு 50 கிலோ மூட்டை, அல்லது இரண்டு 25 கிலோ மூட்டை என்று முன்கூட்டியே பிரித்து வைத்தால் தூவுபவர் நடக்கும் தூரம் நன்றாகக் குறையும். கான் ஓரத்தில் மட்டும் வைக்க வேண்டாம். இரவு மழையில் ஒரு மூட்டை கிழிந்தால் கீழே உள்ளவரின் தண்ணீர்த் தொட்டிதான் வெள்ளையாகும்.

முகக்கவசம் அவசியமா?

அவசியம். வாயில் கட்டும் துணி மெல்லிய தூளை நிறுத்தாது; மூக்கில் இறுகப் பொருந்தும் தூசிக்கவசம், பக்கம் மூடிய கண்ணாடி, நீளக் கை சட்டை வேண்டும். வியர்த்த தோலில் தூள் படிந்தால் எரியும். வேலை முடிந்ததும் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசுங்கள்.

வேலை முடிந்த பிறகு தூவியை என்ன செய்வது?

முதலில் காய்ந்த தூரிகையால் தூளைத் தட்டி எடுங்கள், அதன் பிறகே தண்ணீர். நேரே தண்ணீர் ஊற்றினால் மூலைகளில் சேறாகி இறுகும். வெயிலில் காய வைத்து, அச்சிலும் வாயை மூடும் தகட்டிலும் எண்ணெய் தடவுங்கள். பற்சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டாம், தூள் அதில் ஒட்டி அரைக்கும். வாயை மூடும் தகட்டைத் திறந்த நிலையில் வைத்துக் கவிழ்த்து மாட்டுங்கள்.